பட்டமும் பெரட்டும்

சென்ற தவணையில் ஒரு மாணவன் எழுந்து எம்மை வினவினான்: "சேர், பாடநூலில் பெரியவர்கள் பலருடைய பெயருக்கும் முன்னால் 'சேர்' என்று போட்டிருக்கிறதே, அவர்களெல்லாம் ஆசிரியர்களா?" வகுப்பு சிரித்தது. ஆனால், அக்கேள்விக்குள் ஒன்றரை நூற்றாண்டுச் சரித்திரம் அடங்கிக் கிடப்பதை எண்ணியபோது எமக்குச் சிரிப்பு எழவில்லை.

காலனி நாடுகளில் பிரித்தானியர் வழங்கிய பட்டங்களுள் முதன்மையானது புனித மைக்கேல் – புனித ஜோர்ஜ் பட்ட வரிசை. அது 1818ஆம் ஆண்டு ஏப்ரல் 28ஆம் நாள் நிறுவப்பட்டது. மத்தியதரைக் கடலில் புதிதாகக் கைக்கு வந்த மால்டாவையும் அயோனியத் தீவுகளையும் ஆள்வதற்கு அவ்விடத்துப் பிரமுகர்களின் விசுவாசம் வேண்டியிருந்தது. பொன்னைக் கொடுப்பதைவிடப் பதக்கத்தைக் கொடுப்பது மலிவன்றோ! அதன் முதற் பெருந்தலைவர் சேர் தோமஸ் மெயிற்லண்ட். 1805 முதல் 1811 வரை இலங்கையின் தேசாதிபதியாக இருந்தவர் இவரே.

அதே 1818இல் நமது கண்டிச் சீமையில் நடந்தது என்ன? ஊவாவில் மூண்ட கிளர்ச்சியை அடக்க இராணுவச் சட்டம் பிறந்தது. கிராமங்களும் நெற்களஞ்சியங்களும் தீக்கிரையாயின. நவம்பர் 26ஆம் நாள் கெப்பெட்டிபொல சிரச்சேதம் செய்யப்பட்டார். அப்பட்ட வரிசையின் இலத்தீன் மகுட வாசகத்துக்கு 'நற்காலத்தின் அறிகுறி' என்பது பொருள். எவருடைய நற்காலம்?

இவ்விரு தீவுச் சரித்திரங்களையும் இணைத்தவர் மற்றொருவர், சேர் ஹென்றி வார்ட். அயோனியத் தீவுகளின் ஆணையாளராக இருந்தபோது, 1849இல் செபலோனியாவில் எழுந்த குடியானவர் கிளர்ச்சியைத் தூக்குமரத்தாலும் கசையடியாலும் அடக்கினார். அவ்வாண்டிலேயே அவ்வரிசையின் அதியுயர் பட்டம் அவருக்குக் கிடைத்தது. 1855இல் இலங்கைக்குத் தேசாதிபதியாக வந்து, கோப்பித் துரைமாருக்காக வீதிகளும் பாலங்களும் அமைத்தார். 1858இல் புகையிரதப் பாதை வேலையைத் தொடக்கிவைத்தார்.

கம்பளையை அடுத்த சின்னப்பிட்டியில் ஜோர்ஜ் பேர்ட் என்பவர் 1820களிலேயே கோப்பித் தோட்டம் தொடங்கியிருந்தார். 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டத்தால் மலைச்சரிவுகள் துரைமார் வசமாயின. அக்காடுகளை வெட்டிக் கோப்பி நட்டவர்கள் யார்? தமிழகத்துக் கிராமங்களிலிருந்து வந்து, மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே கால்நடையாக மலையேறிய நம் முன்னோர். வாந்திபேதி அவர்களை வழிநெடுக வீழ்த்தியது. வார்டும் 1860இல் சென்னையின் தேசாதிபதியாகச் சென்று அதே நோயால் மாண்டார். அவர் பெயர் நூல்களில் நின்றது. மன்னார் வழியில் மாண்டவர்களின் பெயரை எவரும் எழுதவில்லை.

1864இல் அயோனியத் தீவுகள் கிரேக்கத்துடன் இணைந்தன. ஆயினும் பட்டத்தின் பயன் தீரவில்லை. 1868இல் அது காலனிகள் அனைத்துக்கும் விரிக்கப்பட்டது. இங்கும் சுதேசிப் பிரமுகர் அதனை அணிந்தனர். சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1921இல் கே.சி.எம்.ஜி. ஆனார். 1915ஆம் ஆண்டு இராணுவச் சட்டக் கொடுமைகளைத் துணிந்து கண்டித்தவர் அவர். அப்பெருமையை மறுப்பது நீதியன்று. ஆனால் டொனமூர் ஆணைக்குழு சர்வசன வாக்குரிமையை முன்மொழிந்தபோது எதிர்த்தவரும் அவரே என்பதை மறைப்பதும் நீதியன்று.

வேறு வழியில் நடந்தவர்களும் உண்டு. சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியாக இருந்த எஸ். சுப்பிரமணிய ஐயர், 1917இல் இந்தியாவுக்குச் சுயாட்சி கோரி அமெரிக்க ஜனாதிபதி வில்சனுக்குக் கடிதம் எழுதினார். ஆட்சியாளர் அதைக் கண்டித்தபோது தமது பட்டங்களையே துறந்தார். ஜலியன்வாலாபாக் படுகொலைக்குப் பின் 1919இல் தாகூரும் அவ்வாறே செய்தார்.

புனித மைக்கேல் சாத்தானை மிதித்து நிற்கும் காட்சி அவ்வரிசையின் சின்னத்தில் உண்டு. மிதிபடும் உருவம் கறுப்பு மனிதனைப் போல் இருக்கிறதென்று 2020இல் கண்டனம் எழுந்தது. ஜமைக்காவின் மகாதேசாதிபதி அச்சின்னம் அணிவதை நிறுத்திக்கொண்டார். மிதிபட்டவர்களுக்கு அச்சித்திரத்தின் பொருள் இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே விளங்கியிருக்கும்.

அம்மாணவனின் பாட்டி தோட்டத்தில் கொழுந்து பறித்தவள். நாள்தோறும் விடியலில் பெரட்டுக்களத்தில் நின்றவள். அவள் பெயர் செக்ரோலில் மட்டுமே எழுதப்பட்டது. அதற்கு முன்னால் எந்த எழுத்தும் இல்லை. பாடநூலின் 'சேர்'களை நாம் அழிக்க வேண்டியதில்லை. அவை எதற்கு விலையாகக் கொடுக்கப்பட்டன என்று கேட்கக் கற்பிப்போம். அடுத்த பக்கத்தில் அப்பாட்டியின் பெயரையும் எழுதக் கற்பிப்போம்.