லாக்டோபாசிலஸ் என்னும் பெயர்: செயலும் வம்சமும்

2020ஆம் ஆண்டு நுண்ணுயிரியல் வகைப்பாட்டில் ஒரு பெரும் பாகப்பிரிவினை நிகழ்ந்தது. லாக்டோபாசிலஸ் என்ற ஒரே பேரினத்தின் கீழ் அதுவரை 261 இனங்கள் இருந்தன. பல நாட்டு ஆய்வாளர்கள் இணைந்து அவற்றின் முழு மரபணுத்தொகுதிகளை ஒப்பிட்டு, அந்தப் பேரினத்தை 25 பேரினங்களாகப் பிரித்தனர். அவற்றுள் 23 முற்றிலும் புதியவை. இப்பிரிவினைக்குப் பின்னால் நூறாண்டு கடந்த ஒரு வழக்கு உண்டு: ஓர் உயிரை அது செய்யும் வேலையைக் கொண்டு அடையாளம் காண்பதா, அது தோன்றிய வம்சத்தைக் கொண்டு அடையாளம் காண்பதா?

இவ்வுயிர்களின் வரலாற்றில் முதலில் அறியப்பட்டது வேலைதான். புளித்த பாலிலிருந்து லாக்டிக் அமிலத்தைச் சுவீடன் நாட்டு வேதியியலர் ஷீலே 1780இல் பிரித்தெடுத்தார். அமிலம் கிடைத்தது, அதை ஆக்கியது எது என்பது தெரியவில்லை. நொதித்தலை உயிரற்ற வேதிச் சிதைவாகவே லீபிக் முதலிய வேதியியலர் விளக்கிவந்தனர். 1857இல் பிரான்சின் லீல் நகரில் லூயி பாஸ்டர் வாசித்த ஆய்வுரை, பாலைப் புளிக்கச் செய்வது ஒரு நுண்ணுயிரே என்று வாதிட்டது. 1878இல் ஜோசப் லிஸ்டர் புளித்த பாலைப் பன்மடங்கு நீர்த்து, அதன் நுண்துளிகளைக் கொதிக்கவைத்து ஆறிய பாலில் சேர்த்தார். சில கிண்ணங்களில் பால் உறைந்தது. சிலவற்றில் மாறாமல் இருந்தது. உறைந்தவற்றுள் ஒரே வகை நுண்ணுயிர் மட்டும் காணப்பட்டது. பாக்டீரியாவின் முதல் தூய வளர்ப்புகளுள் ஒன்றாக இது கருதப்படுகிறது. அவர் அதற்கு இட்ட பெயர் பாக்டீரியம் லாக்டிஸ். பின்னர் அது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் லாக்டிஸ் ஆயிற்று. 1985இல் லாக்டோகாக்கஸ் லாக்டிஸ் ஆயிற்று. ஒரே உயிர் மூன்று பெயர்களைப் பெற்றது. பாலைக் குறிக்கும் சொல் மட்டும் மும்முறையும் உடன்வந்தது.

லாக்டோபாசிலஸ் என்ற பேரினப் பெயரை 1901இல் நெதர்லாந்தின் பைஜெரிங்க் உருவாக்கினார். 'பால்' என்பதும் 'சிறு கோல்' என்பதும் சேர்ந்த பெயர் அது: முற்பாதி தொழிலையும் பிற்பாதி வடிவத்தையும் சொல்கிறது. ஆனால் வடிவம் நம்பத்தக்க சான்றாக இல்லை. கோல் வடிவினவற்றுக்கும் கோள வடிவினவற்றுக்கும் இடையே எல்லை மங்கலாகவே இருந்தது. கோபன்ஹேகனைச் சேர்ந்த ஓர்லா-ஜென்சன் 1919இல் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் பற்றி வெளியிட்ட பெருநூல் வேறோர் அளவுகோலை முன்வைத்தது. எந்த வெப்பநிலையில் வளர்கிறது, எந்தெந்தச் சர்க்கரைகளைப் பயன்படுத்துகிறது, குளுக்கோசை எதுவாக மாற்றுகிறது என்ற வினாக்களுக்கான விடைகளே அவருடைய வகைப்பாட்டின் தூண்கள். வளர்சிதை மாற்றமே குடும்பப் பெயராயிற்று எனலாம்.

அந்த வளர்சிதை மாற்றம் இருவகைப்பட்டது. ஒருவிளைவு நொதித்தல் செய்பவை, ஒரு குளுக்கோஸ் மூலக்கூறை ஏறத்தாழ முழுமையாக இரண்டு லாக்டிக் அமில மூலக்கூறுகளாக மாற்றி, இரண்டு ஏடிபி அளவு ஆற்றலைப் பெறுகின்றன. பலவிளைவு நொதித்தல் செய்பவை அதே குளுக்கோசிலிருந்து லாக்டிக் அமிலம், எத்தனால் அல்லது அசிட்டிக் அமிலம், கார்பன் டைஆக்சைடு ஆகியவற்றைத் தருகின்றன. எத்தனால் உண்டாகும்போது மிஞ்சுவது ஒரே ஒரு ஏடிபி. இது முதல் வழியின் குறைபட்ட வடிவம் அன்று. முற்றிலும் வேறு வழி என்பதை 1952இல் கன்சாலஸும் கிப்ஸும் காட்டினர். கதிரியக்கக் கார்பனால் அடையாளமிட்ட குளுக்கோசை அவர்கள் லியூகோநாஸ்டாக் மெசன்டெராய்டிஸ் என்ற பாக்டீரியாவுக்கு அளித்தனர். முதலாம் கார்பன் கார்பன் டைஆக்சைடாக வெளியேறியது. இரண்டாம், மூன்றாம் கார்பன்கள் எத்தனாலாயின. எஞ்சிய மூன்றும் லாக்டிக் அமிலத்தில் சேர்ந்தன.

இதே பாக்டீரியா தென்னிந்திய அடுக்களைக்கு அந்நியமானதன்று. அரிசியும் உளுந்தும் அரைத்த இட்லி மாவைப் பொங்கச் செய்வதில் அதற்கு முதன்மையான பங்கு உண்டு என்பதை 1965இல் வெளியான ஓர் ஆய்வு நிறுவியது. ஒருவிளைவு நொதித்தல் மட்டுமே நிகழ்ந்தால் மாவு புளிக்கும், பொங்காது. மாவை உப்பவைக்கும் வாயு, குளுக்கோசின் அந்த முதலாம் கார்பனிலிருந்து வருவது.

எனவே 1986இல் கண்ட்லரும் வைஸும் லாக்டோபாசிலஸ் இனங்களை நொதித்தல் முறையின் அடிப்படையில் மூன்று தொகுதிகளாக அடுக்கியது இயல்பானதே. ஒருவிளைவு மட்டும் தருபவை, சூழலுக்கேற்ப மாறுபவை, பலவிளைவு மட்டும் தருபவை என்பன அத்தொகுதிகள். ஆனால் அதற்குள் வேறொரு சான்று அவையேறியிருந்தது. எல்லா உயிர்களிலும் உள்ள ரைபோசோம் ஆர்.என்.ஏ.வின் வரிசையை ஒப்பிட்டு வம்சாவளி வரையலாம் என்பதை 1970களில் கார்ல் வூஸ் காட்டியிருந்தார். 1990களின் தொடக்கத்தில் இம்முறை லாக்டிக் அமில பாக்டீரியாக்களிடம் வந்தபோது நொதித்தல் தொகுதிகள் குலைந்தன. இருவகை நொதித்தல் செய்பவையும் ஒரே கிளையில் கலந்து நின்றன. செயல் என்பது மேற்பூச்சு, வரிசையே மெய்ம்மை என்ற முடிவு பரவியது. சொற்களின் ஒப்புமையைக் கண்டு உறவு கற்பித்த மொழியியலர், ஒலிமாற்ற விதிகள் வந்தபின் பழைய தொகுப்புகளைக் கைவிட்டதற்கு இது ஒப்பானது.

மரபணுத்தொகுதிகள் முழுமையாக வாசிக்கப்பட்டபோது கதை மீண்டும் திரும்பியது. 2001இல் லாக்டோகாக்கஸ் லாக்டிஸின் தொகுதி வெளியாயிற்று. 2006இல் லாக்டிக் அமில பாக்டீரியாக்களின் தொகுதிகளை ஒருங்கே ஒப்பிட்ட ஆய்வு, இவற்றின் பொது மூதாதை பழைய வம்சத்திலிருந்து பிரிந்தபோது 600 முதல் 1,200 வரையிலான மரபணுக்களை இழந்திருக்கும் என மதிப்பிட்டது. பாலும் தாவரச் சாறும் விலங்கின் குடலும் ஊட்டம் மிகுந்த இடங்கள். அமினோ அமிலங்களைத் தாமே ஆக்கிக்கொள்ளும் திறன் அங்கே தேவைப்படாத சுமையாயிற்று. யோகர்ட்டில் வாழும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோபிலஸ் இதற்குச் சிறந்த சான்று. நிமோனியாவை உண்டாக்கும் கிருமி அதன் உறவினம். நோயுண்டாக்கும் மரபணுக்களில் பல அதனிடம் இல்லாமற்போயின அல்லது செயலிழந்தன. அதன் மரபணுக்களில் சுமார் 10% செயலற்ற போலி மரபணுக்கள் என 2004இல் கண்டறியப்பட்டது. ஒலிப்பில் மறைந்த பின்னும் எழுத்தில் நிற்கும் எழுத்துகளைப் போல அவை பழைய வாழ்வின் தடயங்கள்.

இழப்பே வம்சத்தின் அடையாளம் என்றால், செயலுக்கும் வம்சத்துக்கும் இடையிலான பகை பொருளற்றதாகிறது. 2015இல் மரபணுத்தொகுதிகளின் பொது மரபணுக்களைக் கொண்டு வரைந்த வம்சாவளியில், பலவிளைவு நொதித்தல் செய்யும் லாக்டோபாசிலஸ் இனங்கள் சிதறாமல் ஒரு கொத்தாகச் சேர்ந்தன. பாஸ்போஃப்ரக்டோகைனேஸ் என்ற நொதிக்கான மரபணு இவற்றிடம் இல்லை. அது இல்லாததால் பழைய வழி மூடிப்போயிற்று. ஓர்லா-ஜென்சன் சோதனைக் குழாயில் கண்ட வேறுபாடு, வம்சத்தில் ஆழமாகப் பொறிக்கப்பட்ட ஒன்றுதான். ஏறத்தாழ 1,500 எழுத்துகள் கொண்ட ஒரே மூலக்கூறை வாசித்தபோது மறைந்த அவ்வுண்மை, முழு நூலையும் வாசித்தபோது தெளிந்தது. பிழை வம்சாவளி முறையில் இல்லை. மிகச் சிறிய பகுதியை வாசித்து முழுமைக்கும் தீர்ப்பு எழுதியதில் இருந்தது.

2020ஆம் ஆண்டுப் பெயர்களை இப்பின்னணியில் படிக்க வேண்டும். எல்லைகளை வகுத்தது வம்சம். பெயர்களைத் தந்ததோ பெரும்பாலும் வாழிடமும் தொழிலும். லெவிலாக்டோபாசிலஸ் என்பதில் மாவை உப்பவைத்தலைக் குறிக்கும் இலத்தீன் வினை உள்ளது. லிமோசிலாக்டோபாசிலஸ் வழவழப்பைச் சுட்டுகிறது. லாக்டிபிளான்டிபாசிலஸ் தாவரத்தைச் சுட்டுகிறது. உணவைக் கெடுக்கும் லோய்கோலாக்டோபாசிலஸ், அழிவு என்னும் கிரேக்கச் சொல்லைத் தாங்குகிறது. தொழில்துறையில் பயன்படும் முக்கிய இனங்களின் புதிய பேரினப் பெயர்கள் பழைய முதலெழுத்திலேயே தொடங்குமாறு அமைக்கப்பட்டன. சுருக்கக் குறி மாறாதிருந்தால் பழைய ஆய்வேடுகளைப் படிப்போர் தடுமாறமாட்டார்கள் என்பது கருத்து. பெயர் சூட்டுவோர், பேசும் சமூகத்தின் நினைவுக்கு அளித்த சலுகை அது.

'லாக்டிக் அமில பாக்டீரியா' என்ற தொகுப்புப் பெயர் எந்த வகைப்பாட்டுப் படிநிலையையும் சேர்ந்ததன்று. லாக்டிக் அமிலம் தரும் பிஃபிடோபாக்டீரியம், வம்சத்தில் இவற்றுக்கு மிகத் தொலைவான வேறொரு தொகுதியைச் சேர்ந்தது. ஆயினும் பால் தொழிலின் பேச்சில் இவற்றோடு சேர்த்தே எண்ணப்படுகிறது. வம்சாவளிப்படி அது பிழை. உணவு வரலாற்றின்படி அதற்கொரு நியாயம் உண்டு. பழைய பாடநூலில் லாக்டோபாசிலஸ் கேசி என்றும் புதிய கட்டுரையில் லாக்டிகேசிபாசிலஸ் கேசி என்றும் படிக்கும் மாணவர், ஒன்றைச் சரி என்றும் மற்றதைத் தவறு என்றும் கொள்ள வேண்டியதில்லை. இரு பெயர்களுக்கும் இடையே, அறிவியல் எதை எவ்வளவு வாசித்தபின் அவ்வாறு அழைத்தது என்ற வரலாறு இருக்கிறது. அதை அறிந்தவருக்கு அடுத்த பெயர்மாற்றம் குழப்பமாகத் தோன்றாது.