ரோஸின் இடைவார்

கதாநாயகிக்கு இடை சிறுத்திருக்க வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஆனாலும் என் கதைகளில் எந்தப் பெண்ணும் வயிறாரச் சாப்பிட்டதாக நினைவில்லை, பரிமாறியிருக்கிறாள், அவ்வளவுதான். லூயிஸா மே ஆல்காட் 1875-ல் எழுதிய ‘எய்ட் கஸின்ஸ்’ நாவலைப் படித்தபோதுதான் இது உறைத்தது.

தாய் தந்தையற்ற ரோஸுக்கு வயது பதின்மூன்று. வீட்டுப் பெரியவர்கள் ஆளுக்கொரு மருந்து கொடுத்து அவளை நோயாளியாகவே வைத்திருக்கிறார்கள். அப்போது வந்து சேருகிறார் தந்தையின் சகோதரர், டாக்டர் அலெக். மருந்தை நிறுத்துகிறார். காப்பிக்குப் பதில் பால். இறுக்கிக் கட்டிய இடைவாரைக் கழற்றி, நன்றாக மூச்சு விடச் சொல்கிறார். கார்செட் அணியாத பெண்ணை மரியாதைக் குறைவாகப் பார்த்த காலம் அது!

ஆல்காட் பத்து வயதிலேயே உணவுக் கட்டுப்பாட்டின் கொடுமையைக் கண்டவர். தந்தை பிரான்ஸன், 1843-ல் மாஸசூஸெட்ஸில் ‘ஃப்ரூட்லாண்ட்ஸ்’ என்ற லட்சியப் பண்ணையை நண்பர்களோடு தொடங்கினார். புலால் கூடாது, அது நமக்கு ஆச்சரியமில்லை. பால், வெண்ணெய், காப்பி, தேநீர்கூடக் கூடாது என்றால்? ரொட்டி, பழம், தண்ணீர்தான். 1844 ஜனவரியில், பனிக்காலத்தின் நடுவே குடும்பம் வெளியேறியது. 1873-ல் அதை நையாண்டிக் கதையாக்கியபோது, ஆண்கள் பிரசங்கத்துக்குப் போய்விட, அறுவடைத் தானியத்தை மழைக்குத் தப்புவித்தவர்களாகத் தாயையும் குழந்தைகளையுமே காட்டினார்.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. ரோஸ் என்ன சாப்பிடலாம் என்று தீர்மானிப்பவரும் ஓர் ஆண்தானே? நானும் அப்படித்தான். சமீபத்தில் என் கதாநாயகிக்கு இரண்டு தோசை வைத்தேன். மூன்றாவதை அவளே கேட்பதாக எழுதக் கை வரவில்லை.