‘எங்கள் ஆள் இல்லை’: பண்ணையாள் முதல் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர் வரை



1968 டிசம்பர் 25 இரவில் வெண்மணியில் எரிக்கப்பட்ட 44 பேரின் நினைவாகக் கூடியிருக்கிறோம். நிலம், சாதி, நீதிமன்றம் பற்றி இப்படியான மேடைகளில் நிறையப் பேசியாயிற்று. இன்று கொஞ்சம் வறண்டதாகத் தோன்றும் ஒரு கேள்வியை எடுத்துக்கொள்கிறோம். வேலை கொடுப்பவர்கள் தொழிலாளர் சட்டங்களை எப்படிக் கடைப்பிடித்தார்கள்? சட்டம் இல்லாத ஊரில் வெண்மணி நடக்கவில்லை. அதற்குப் பதினாறு ஆண்டுகளுக்கு முன்பே அதே தஞ்சை மாவட்டத்துக்கென்று தனியாக ஒரு சட்டம் வந்துவிட்டது.

1952 ஆகஸ்டில் ராஜாஜி அரசு தஞ்சாவூர் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டத்தைப் பிறப்பித்தது. அந்த ஆண்டே அது முழுச் சட்டமானது. 1940களில் கீழத்தஞ்சையில் சாணிப்பாலுக்கும் சவுக்கடிக்கும் எதிராகச் செங்கொடியின் கீழ் நம் மக்கள் நின்றிராவிட்டால் அது வந்திருக்காது. சட்டம் பண்ணையாளுக்குக் கூலியை வரையறுத்தது. மிராசுதார் நினைத்தபோது ஆளை வெளியேற்றுவதற்குத் தடை போட்டது. பண்ணையாள் என்றால் யார்? பழைய ஆவணங்கள் பள்ளர், பறையர் என்று எழுதிவைத்த நம் மக்கள்தாம் பெரும்பாலும். அப்பனுக்குப் பின் மகன் என்று ஒரே பண்ணையில் கட்டுண்டு கிடந்தவர்கள்.

ஆனால் அந்தச் சட்டத்தில் இரண்டு வாசல்கள் திறந்தே கிடந்தன. ஓர் ஊரில் ஒரு வேலி, அதாவது 6⅔ ஏக்கர், அதற்கு மேல் நிலம் உள்ளவரை மட்டுமே அது கட்டுப்படுத்தியது. அன்றாடக் கூலியாள் பண்ணையாள் ஆகமாட்டார் என்பது மற்றொன்று. இந்த இரண்டாவது வாசலை மிராசுதார்கள் உடனே கண்டுகொண்டார்கள். பண்ணையாள்களைக் கணக்குத் தீர்த்து அனுப்பினார்கள். நடவுக்கும் அறுப்புக்கும் அன்றாடக் கூலிக்கு ஆள் பிடித்தார்கள். வயல் அதே வயல், சேரி அதே சேரி. மாறியது ஆளின் பெயர்தான். சட்டத்தை மீறியதாக யாரையும் பிடிக்க முடியாது. ஏனென்றால் சட்டம் காப்பாற்ற வந்த ஆளே இப்போது பண்ணையில் இல்லை. இதைக் கொத்தடிமைக் கட்டிலிருந்து கூலித் தொழிலாளியாக விடுதலை பெற்றது என்று எழுதும் ஆய்வாளர்கள் உண்டு. அதில் பாதி உண்மை இருக்கிறது. கட்டு அறுந்ததால்தான் சங்கம் வளர்ந்தது. மறுபாதி, அறுவடைக் காலத்தில் வெளியூர் ஆட்களை இறக்கி உள்ளூர்க் கூலியை மடக்கும் வழியும் அப்போதே திறந்தது. வெண்மணிக்கு முந்தைய தகராறு கூலி உயர்வையும் வெளியூர் ஆட்களையும் பற்றியதுதான். அந்தத் தீக்குப் பிறகு கணபதியா பிள்ளை ஆணையமும், 1969இல் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டமும் வந்தன.

அண்ணல் அம்பேத்கர் இந்தத் தந்திரத்தை அறியாதவர் அல்லர். வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் உறுப்பினராக இருந்த அவர் 1946 ஏப்ரலில் குறைந்தபட்சக் கூலி மசோதாவை அறிமுகப்படுத்தினார். 1948இல் அது சட்டமானபோது அதன் அட்டவணையில் விவசாயமும் இருந்தது, உள்ளாட்சி அமைப்புகளின் வேலையும் இருந்தது. நம் மக்கள் குவிந்து கிடந்த இரண்டு இடங்கள். ஒவ்வொரு தொழிலாளியின் பெயரையும், செய்த வேலையையும், கொடுத்த கூலியையும் பதிவேட்டில் எழுதும் கடமையை 18ஆம் பிரிவு வேலையளிப்பவர் மேல் வைத்தது. பெயரை எழுதினால் பொறுப்பு வந்துவிடும். எனவே எழுதாமல் இருப்பது, அல்லது வேறொருவர் ஏட்டில் எழுதவைப்பது என்பதே அவர்களுடைய பதிலாக இருந்தது.

அந்த வேறொருவருக்குப் பெயர் ஒப்பந்ததாரர். 1970ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம், ஒப்பந்ததாரர் கூலி தராவிட்டால் முதன்மை வேலையளிப்பவர் தரவேண்டும் என்றது. 20 பேருக்குக் குறைந்த இடங்களை விட்டுவிட்டது. 1976 டிசம்பர் 9இல் மத்திய அரசு, தன் வரம்புக்குட்பட்ட நிறுவனக் கட்டடங்களில் பெருக்குதல், துடைத்தல், காவல் போன்ற வேலைகளுக்கு ஒப்பந்த முறையையே தடை செய்தது. யாருடைய வேலை இது என்று இந்த அவையில் விளக்க வேண்டியதில்லை. தடை வந்தால் அந்தத் தொழிலாளர்கள் நிறுவனத்தின் நேரடி ஊழியர் ஆகவேண்டும் என்று 1996இல் ஏர் இந்தியா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஐந்தே ஆண்டுகள். 2001இல் ஸ்டீல் அத்தாரிட்டி வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு அதைக் கவிழ்த்தது. 1976 அறிவிக்கையையும் ரத்து செய்தது. ஒப்பந்தமே போலி என்று தீர்ப்பாயத்தில் நிரூபித்தால் வழி உண்டு என்றார்கள். நிரூபிக்கும் ஏடு யார் பீரோவில் இருக்கிறது?

2020இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொகுப்புச் சட்டத்தில் அந்த 20, 50 ஆயிற்று.

மலக்குழிச் சாவுகளில் இந்த வரலாறு அப்படியே திரும்ப வருகிறது. கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7ஆம் பிரிவு, பாதாளச் சாக்கடையிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் ஆபத்தான துப்புரவுக்கு யாரையும் ‘நேரடியாகவோ மறைமுகமாகவோ’ அமர்த்தக் கூடாது என்கிறது. அந்த ‘மறைமுகமாகவோ’ என்ற சொல் 1952இன் வாசலை அடைக்க வந்த சொல் என்றே நாங்கள் வாசிக்கிறோம். முதல் குற்றத்துக்கே இரண்டாண்டுச் சிறை வரை விதிக்கலாம். 1993 முதல் இறந்த ஒவ்வொருவர் குடும்பத்துக்கும் 10 லட்சம் தரவேண்டும் என்று 2014 மார்ச்சிலும், சாக்கடைச் சாவுகளுக்கு 30 லட்சம் என்று 2023 அக்டோபரிலும் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆனால் உடல் மேலே வந்ததும் நாம் முதலில் கேட்கும் வாக்கியம் ‘அவர் எங்கள் ஆள் இல்லை’ என்பதுதான். உள்ளாட்சி ஒப்பந்ததாரரைக் காட்டும், அவர் மேஸ்திரியைக் காட்டுவார், மேஸ்திரி இறந்தவரையே காட்டுவார். கவனக்குறைவு வழக்கு ஒன்று மேஸ்திரி மேல் விழும்.

மாணவர்களிடம் ஒரு வேலையைக் கேட்கிறோம். 1970 சட்டத்தின்படி ஒப்பந்ததாரர் கூலி கொடுக்கும்போது முதன்மை வேலையளிப்பவரின் பிரதிநிதி உடனிருக்க வேண்டியிருந்தது. தன் முன்னிலையில் கொடுக்கப்பட்டது என்று கூலிப் பதிவேட்டில் கையொப்பமிட வேண்டியிருந்தது. உங்கள் ஊர் நகராட்சியின் பழைய ஆண்டுப் பதிவேடுகளைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். எத்தனை பெயர்கள் இருக்கின்றன, யார் கையெழுத்து இருக்கிறது என்று பாருங்கள். பிறகு அந்த ஏட்டை எடுத்துக்கொண்டு காலை ஐந்து மணிக்கு வார்டு அலுவலக வாசலுக்குப் போய், அங்கே நிற்பவர்களை எண்ணுங்கள்.