கமலை வாலும் தோல்சட்டையும்

வரலாற்றைக் கல்வெட்டிலும் செப்பேட்டிலும் தேடுவது நம் வழக்கம். கல்லும் செம்பும் நெடுங்காலம் நிற்பன. தோலோ அங்ஙனம் நிற்பதன்று. கவனிப்பாரற்றுக் கிடந்தால் ஒரு மழைக்காலத்தில் பூசணம் பூக்கும். ஒரு கோடையில் வெடிப்புக் காணும். ஆகவே, ஒரு தோற்பொருள் ஐம்பது அறுபது ஆண்டு கெடாதிருக்கிறது எனின், அதனை நன்கு பதனிட்டவர் ஒருவரும் பொறுப்பாகப் பேணியவர் ஒருவரும் இருந்தனர் என்பது தெளிவு. அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தார் இக்கலையை எவ்வாறு அறிந்திருந்தனர் என்பதையும், முன்னோர் அணிந்த தோல்சட்டை ஒன்றைப் பெட்டியில் வைத்திருப்போர்க்கு அது தரும் பாடம் யாது என்பதையும் இன்று எடுத்துரைக்க விழைகிறேன்.

இவ்வட்டாரம் 1985 வரை பழைய இராமநாதபுர மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. இன்று விருதுநகர் மாவட்டத்தில் உள்ளது. குண்டாறு ஆண்டிற் பல திங்கள் மணலாகவே கிடக்கும். கண்மாய் வற்றினால் கிணறே கதி. கிணற்று நீரை மேலேற்றியது கமலை. காளைகள் இரண்டும் சரிவில் இறங்க, வடக்கயிறு கூனையை மேலே இழுக்கும். கூனை இரும்பால் ஆயது. அதன் அடியில் தோலாலான நீண்ட வால் பொருந்தியிருக்கும். கூனை மேலே வந்ததும் அவ்வால் வழியாகவே நீர் தொட்டியிற் பாயும். வால் கிழிந்தால் அன்றைய இறைப்பு நின்றது. இறைப்பு நின்றால் மிளகாய்ச் செடி வாடியது. ஒரு முழத் தோலில் ஒரு குடும்பத்தின் கஞ்சி அடங்கியிருந்தது என்பது மிகையாகாது.

அத்தோலைப் பதனிட்டுத் தைத்துத் தந்தோர் பெரும்பாலும் அருந்ததிய மக்கள். அவர்கள் செய்த வாலின் வழியே வந்த நீரை ஊரார் அனைவரும் பருகினர். அவர்களையோ ஊருக்குப் புறத்தே நிறுத்தினர். தோலின் வரலாற்றைச் சொல்வோர் இவ்வநீதியை மறைத்துச் சொல்லலாகாது.

பதனிடும் முறையைச் சற்று விரித்துரைப்போம். பச்சைத்தோலை நீரில் ஊறவைத்து, சுண்ணாம்பிலிட்டு மயிர் களைவர். பிறகு ஆவாரம் பட்டை ஊறிய நீரில் அது பல நாள் கிடக்கும். நம் தரிசெங்கும் பொன்னிறமாய்ப் பூத்து நிற்கும் ஆவாரஞ்செடியின் பட்டையில் நூற்றுக்கு ஏறத்தாழ 18 பங்கு துவர்ப்புப் பொருள் உண்டு. அத்துவர்ப்பு தோலின் இழைகளோடு கூடி, அவை அழுகாவண்ணம் கட்டிவிடுகிறது. இறுதியிற் கடுக்காய் நீரில் தோய்த்து, புங்கெண்ணெய் போன்றவற்றைத் தடவி, நிழலில் உலர்த்துவர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இம்முறை பெருவாணிகமாயிற்று. திண்டுக்கல், திருச்சிராப்பள்ளி, ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை, சென்னையை அடுத்த பல்லாவரம் ஆகிய ஊர்களில் பதனிடப்பெற்ற தோல்கள் கப்பலேறி இலண்டனுக்குச் சென்றன. 1914 முதல் 1918 வரை நிகழ்ந்த உலகப்போரில் ஆங்கிலப் படைவீரர் அணிந்த பூட்சுகளின் மேற்பாகத்திற்குச் சென்னைத் தோல் பெரிதும் பயன்பட்டது.

ஆயினும், அதே இலண்டனில் நம் தோலுக்கு ஒரு பழியும் வந்து சேர்ந்தது. நூலகங்களிலுள்ள புத்தகக் கட்டடங்களின் தோல் செம்பொடியாய் உதிர்வதைக் கண்டு, அங்கிருந்த கலைச் சங்கத்தார் 1900-இல் ஒரு குழு அமைத்தனர். 1901-இல் வெளியான அதன் அறிக்கை, இந்தியாவிலிருந்து வரும் ஆட்டுத்தோல் புத்தகக் கட்டடத்திற்கு மிகவும் ஆகாதது என்று கூறிற்று. ஓராண்டிற்குள்ளேயே கெட்டுப்போன கட்டடங்களும் இருந்தனவாம். வியப்பாக இல்லையா? நாள்தோறும் நீரில் மூழ்கி எழுந்து உழைத்த தோல், அசையாத அலமாரியில் அடுக்கிவைத்த இடத்தில் உதிர்ந்தது!

காரணத்தையும் அக்குழு ஆராய்ந்தது. அந்நாளில் நூலகங்களில் எரிந்தது நிலக்கரி வாயு விளக்கு. அதன் புகையிலுள்ள கந்தகம் காற்றிலும் ஈரத்திலும் கலந்து கந்தக அமிலமாக மாறித் தோலை அரித்தது. ஆவாரை முதலிய பட்டைத் துவர்ப்புகள் அவ்வமிலத்திற்கு எளிதில் இரையாகும். கடுக்காய் போன்ற காய்த் துவர்ப்புகள் அதனைத் தாங்கவல்லன. நம் கிணற்றுமேட்டில் நிலக்கரிப் புகை இல்லை. தோல் அங்கே நிலைத்தது. ஆகவே, தோலின் ஆயுளை அறிய விரும்புவோர், எதனாற் பதனிட்டது, எவ்விடத்திலிருந்து என்ன வேலை செய்கிறது என்ற இரண்டையும் சேர்த்தே கேட்டல் வேண்டும்.

இதற்கிடையே வேறொரு முறையும் தோன்றியது. 1884-இல் அமெரிக்கராகிய அகஸ்டஸ் சுல்ட்ஸ் குரோமிய உப்பாற் பதனிடும் முறைக்கு உரிமம் பெற்றார். சென்னைக் கலைப்பள்ளியிற் பணியாற்றிய ஆல்பிரெட் சாட்டர்டன் 1903-ஆம் ஆண்டளவில் அம்முறையை இங்கே சோதிக்கலானார். அவர் கருத்திற் கொண்ட பயன்களுள் ஒன்று, நேயர்களே, நம் உழவர் நீரிறைக்கும் தோற்சாலே! குரோம் தோல் ஈரத்தை நன்கு தாங்கும் என்பதே அதற்குக் காரணம். சென்னையை அடுத்த குரோம்பேட்டை, அங்கமைந்த குரோம் தோல் தொழிற்சாலையின் பெயரால் அப்பெயர் பெற்றது. பின்னர் 1948-இல் அடையாற்றில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் எழுந்தது. எண்ணெய் இயந்திரமும் மின்சாரப் பம்பும் பரவவே, கமலை மெல்ல மறைந்தது.

இனித் தோல்சட்டைக்கு வருவோம். 1931-இல் அமெரிக்க வான்படை ஏற்றுக்கொண்ட ஏ-2 சட்டை முதலியவை குதிரைத்தோல் போன்றவற்றால் ஆனவை. அக்காலச் சட்டைகளுட் பல பட்டைத் துவர்ப்பாற் பதனிட்டவை. பிற்காலத்தன பெரும்பாலும் குரோம் தோல். தையலின் உட்புறம் வெட்டு விளிம்பை நோக்கினால், பட்டைத்தோல் பழுப்பாகவும், குரோம் தோல் பலவிடத்து நீலச்சாம்பல் நிறமாகவும் தோன்றும். சாயம் ஊறியிருந்தால் இவ்வடையாளம் தெரியாது.

கமலை வாலுக்கு எண்ணெய் இட்டார்களே, சட்டைக்கும் இடலாமே என்று கேட்பீர்கள். வால் நாள்தோறும் நனைந்து காய்ந்தது; எண்ணெய் அதற்கு உணவாயிற்று. சட்டையோ ஓய்ந்திருக்கும் பொருள். அதற்கு நல்லெண்ணெயும் தேங்காயெண்ணெயும் இட்டால், நாளடைவில் அவை சிக்குப்பிடித்து, நிறம் கறுத்து, பூசணத்திற்கும் பூச்சிக்கும் விருந்தாகும். மெல்லிய உலர்ந்த துணியால் தூசி துடைப்பதே போதுமானது.

அகன்ற தோள்களையுடைய மரத்தாங்கியில் சட்டையைத் தொங்கவிடுக. மடித்தால் மடிப்பிலேயே வெடிக்கும். பிளாஸ்டிக் உறை வேண்டா. ஈரம் உள்ளே சிறைப்படும். வெளுத்த பருத்தித் துணியால் மூடுக. நம் ஊரின் சித்திரை வெயிலும், வெயிலேறிய சுவரும், தகரப் பெட்டியும், அடுப்புப் புகையும் அதற்குப் பகை. ஐப்பசி கார்த்திகை மழையில் வாரம் ஒருமுறை வெளியே எடுத்து நிழற்காற்றிற் காட்டுக. பூசணம் கண்டால் வீட்டிற்கு வெளியே கொண்டுசென்று, மென்மையான தூரிகையால் உலரத் தட்டுக, ஈரத்துணி கூடாது. கொக்கியும் பொத்தானும் இரும்பாயின் துவர்ப்போடு சேர்ந்து மைபோற் கறை தரும். பித்தளையாயின் பச்சைக் களிம்பு பிடிக்கும். அவற்றின் அடியில் சிறு தாளை வைத்தல் நலம்.

தோல் செம்பொடியாய் உதிரத் தொடங்கிவிட்டால், அதை எந்த எண்ணெயும் மீட்காது. அப்போது தேய்த்தலை விடுத்து, கை படாமற் கிடத்திவைத்து, அருங்காட்சியகத்தின் பாதுகாப்பு வல்லுநரை நாடுவதே செயற்பாலது.

நம் ஊர்களில் கமலை வால் இன்று காண்பதரிது. மாட்டுக்கொட்டகைப் பரணில் எங்கேனும் ஒன்று எஞ்சியிருக்கக்கூடும். இருந்தால், அதைக் குப்பையில் எறியாது, நிழலில் உலர்த்தி, அருகிலுள்ள பள்ளிக்குக் கொடுங்கள். எந்தக் கைகள் அதைத் தைத்தன, எந்தக் கிணற்றில் அது இறைத்தது என்பதையும் எழுதிக்கொடுங்கள். தோலைக் காத்து, தைத்தவர் பெயரை இழந்துவிடுதல் அரைக் காவலேயாகும்.