தலைசுத்தலும் ஸ்கேனும்

போன மாசம் அம்மாவுக்கு திடீர்னு தலைசுத்தல். புரண்டு படுத்தாலே வீடே சுத்துதுங்கறாங்க. "உடனே சிடி எடுத்துடு தம்பி"ன்னார் பக்கத்து வீட்டு மாமா. காது டாக்டர் ஸ்கேனே கேக்கலை! தலையைத் திருப்பி சடார்னு படுக்க வச்சு கண்ணைப் பார்த்தார். அவ்ளோதான்.

லண்டனில் 1952ல் டிக்ஸும் ஹால்பைக்கும் விவரித்த சோதனையாம். வீட்டுக்கு வந்து தேடினா, ஆச்சரியம் மக்களே, இதே ஹால்பைக்தான் 1938ல் கெய்ர்ன்ஸோட சேர்ந்து, இறந்துபோன ரெண்டு மெனியர் நோயாளிகளின் உள்காதை ஆராய்ந்து, அங்கே நீர் கோத்து வீங்கியிருந்ததைக் கண்டவர். தலைசுத்தலோட காதும் மந்தமாகிற நோய் அது. அந்த வீக்கத்தை உயிரோடு இருக்கறவங்ககிட்ட படமா பார்க்க 2007 ஆச்சு. ஜப்பானின் நகோயாவில், காடோலினியத்தை செவிப்பறை வழியா செலுத்தி எம்ஆர்ஐ எடுத்தாங்க.

1971ல் ஹவுன்ஸ்ஃபீல்டோட சிடி வந்தது. எலும்பை அருமையா காட்டும். ஆனா காது நரம்பில் முளைக்கிற குட்டிக் கட்டி அதில் நழுவிடும். எண்பதுகளின் கடைசியில் காடோலினியம் எம்ஆர்ஐ வந்தப்புறம்தான் சில மில்லிமீட்டர் கட்டியும் சிக்குச்சு. ஒரு காது மட்டும் மந்தமானவர் 'சிடி நார்மல்'னு நிம்மதியா வீட்டுக்குப் போறதுதான் பயமா இருக்கு.

அம்மாவுக்கு? உள்காதில் இடம் மாறின சுண்ணாம்புத் துகள். வழக்கமான எந்த ஸ்கேன்லயும் தெரியாதாம். டாக்டர் தலையை நாலு பக்கம் திருப்பி சரி பண்ணிட்டார். சாயங்காலம் தோசை சுட்டாங்க :-)