யாருடைய ஆயத்தநிலை? பம்பாயும் இந்தூரும்

பெரும் நகர மாற்றம் ஒன்றிற்கு மக்கள் ஆயத்தமாக உள்ளனரா என்னும் வினா இன்றைய திட்ட அறிக்கைகளில் வழமையாக இடம்பெறுகிறது. நூறாண்டுகளுக்கு முன் அவ்வினா எவ்வாறு கையாளப்பட்டது என்பதை இரண்டு நகரங்களைக் கொண்டு இப்பதிவில் ஆராய்கிறேன்.

முதலாவது பம்பாய். 1896 செப்டம்பரில் மாண்டவிப் பகுதியில் பிளேக் கண்டறியப்பட்டது. வீடுகளில் புகுந்து சோதனையிட்டதும் நோயாளிகளை வலிந்து பிரித்துச் சென்றதும் கடுஞ்சினத்தை மூட்டின. அக்டோபரில் ஆலைத் தொழிலாளர்கள் ஆர்தர் சாலை மருத்துவமனையைத் தாக்கினர். அடுத்த சில மாதங்களில் இலட்சக்கணக்கானோர் நகரைவிட்டு வெளியேறினர். இப்பின்னணியில்தான் 1898-இல் பம்பாய் நகர மேம்பாட்டு டிரஸ்ட் உருவாயிற்று. நெரிசல் மிகுந்த குடியிருப்புகளை இடிப்பதும், காற்றோட்டமான அகன்ற சாலைகளை அமைப்பதும் அதன் தலையாய பணிகள். பிரின்சஸ் தெருவும் சாண்ட்ஹர்ஸ்ட் சாலையும் அவ்வாறு பிறந்தவையே.

டிரஸ்ட் எதையும் அளக்கவில்லை என்று கூறுவது அநீதி. அறைக்குள் ஒளி விழ வேண்டிய கோணம் 63½ பாகை என்பதுவரை கணக்கிட்டவர் அதன் தலைவர்களுள் ஒருவரான ஜே. பி. ஆர். அளக்கப்படாதவை வேறு. துறைமுகத்தில் அன்றாடக் கூலிக்கு ஆளெடுக்கும் இடத்திற்கு விடியலில் நடந்து செல்லும் தொலைவிலேயே தொழிலாளி குடியிருந்தாக வேண்டும். அவரால் தரக்கூடிய வாடகையும் மிகக் குறைவு. இழப்பீடு கட்டட உரிமையாளருக்குச் சென்றது. குடித்தனக்காரர் வெளியேற வேண்டியவராக மட்டுமே கணக்கில் வந்தார். அவர் எங்கே போவார்? அடுத்த தெருவிற்குத்தான். ஓரிடத்தில் இடிக்கப்பட்ட நெரிசல் மற்றோரிடத்தில் கூடியது. நெரிசலைக் குறைக்கவென வடக்கே திட்டமிடப்பட்ட தாதர்–மாட்டுங்கா பகுதியை நிரப்பியவர்களும் அக்கூலிகள் அல்லர், நடுத்தர வகுப்பினர். மாட்டுங்காவைத் தம் ஊராகக் கருதும் மும்பைத் தமிழர்கள் இதை நினைவிற்கொள்ளலாம்.

இரண்டாவது இந்தூர். 1914-இல் இந்தியா வந்த ஸ்காட்லாந்து அறிஞர் பேட்ரிக் கெடிஸ், ஹோல்கர் அரசிற்காக 1918-இல் இந்நகர் குறித்து இரு தொகுதிகளில் அறிக்கை அளித்தார். அங்கும் பிளேக் அச்சம் நிலவியது. நகரைச் சுற்றி நடந்து வரைபடம் தீட்டிய அவ்வெள்ளையரையே மக்கள் ஐயத்துடன் நோக்கினராம். தீபாவளி ஊர்வலம் வழமையான வழியில் செல்லாது, வீடுகள் மிகுதியாகத் தூய்மையும் செப்பமும் செய்யப்பட்ட தெருக்களின் வழியே செல்லும் என அவர் அறிவிக்கச் செய்தார். வண்டி வண்டியாகக் குப்பை அகற்றப்பட்டது. ஊர்வலத்தில் பிளேக் எலியின் பெரிய உருவம் வந்தது. துப்புரவுத் தொழிலாளர்கள் வெள்ளாடையும் மாலையும் அணிந்து நடந்தனர்.

இக்கதை கெடிஸ் தரப்பிலிருந்தே நமக்கு வந்துள்ளது என்பதை மாணவர்கள் மறக்கலாகாது. ஒருநாள் மாலை சாதியை அசைத்ததாகக் கொள்வதற்கும் இடமில்லை. அரசரின் ஆணை பின்னணியில் இருந்தது. வீட்டைப் பெருக்குவதும் வீட்டை இழப்பதும் ஒன்றல்ல. ஆயினும் ஒரு வேறுபாடு எனக்கு முக்கியமாகப் படுகிறது. பம்பாயில் மக்களின் ஆயத்தநிலை வினாவாகவே எழவில்லை. எதிர்ப்பு எழுந்த பின்னரே அதன் இன்மை தெரியவந்தது. இந்தூரிலோ, குடும்பங்கள் தம் கைக்கெட்டிய ஒரு செயலைச் செய்ய அழைக்கப்பட்டன. அவை செய்ததிலிருந்து ஆயத்தநிலை வெளிப்பட்டது. அளவீடும் ஆயத்தமும் ஒரே நிகழ்வில் நடந்தன.

2013-ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தல் சட்டம் சமூகத் தாக்க மதிப்பீட்டைக் கட்டாயமாக்கியது. தனியார் நிறுவனத் திட்டங்களுக்குப் பாதிக்கப்படும் குடும்பங்களுள் 80 விழுக்காட்டினரும், அரசு–தனியார் கூட்டுத் திட்டங்களுக்கு 70 விழுக்காட்டினரும் இசைவு தர வேண்டும். ஆனால் அவ்விசைவுக் கணக்கில் சேர்வோர் நிலமோ அசையாச் சொத்தோ இழக்கும் குடும்பங்களும், அரசிடமிருந்து நிலம் ஒதுக்கப்பெற்றவர்களுமே. மூன்றாண்டுகள் அங்கேயே பிழைத்த குடித்தனக்காரர் 'பாதிக்கப்பட்டவர்' என்னும் வரையறைக்குள் வருகிறார். இசைவு கேட்கப்படுவோருள் வருவதில்லை.