ஜிபிக்கு மடை கட்டின கதை

வாழை, ரப்பர், மழைன்னு எழுதிட்டு வந்த இடத்துல இன்னைக்கு இன்டர்நெட் சங்கதி. பட்டணத்துல இருக்கிற உங்களுக்கு வீட்டு இன்டர்நெட்னா பைப்பைத் திறந்தா தண்ணி வாறது மாதிரி. எவ்வளவு போச்சுன்னு யாரும் பாக்கிறதில்ல. ஆனா அதை அளந்து அளந்து தந்த காலம் ஒண்ணு இருந்தது. அதைத்தான் வரிசையா சொல்லப் போறேன்.

அளந்து தாற பழக்கம் டெலிபோன்லயே உண்டு. எங்க பக்கத்துல வீட்டுக்கு ஒரு ஆள் வளைகுடா நாட்டிலேயோ வடக்கேயோ இருப்பான். எஸ்டிடி பூத்துல பகல்ல பேசினா முழுக் கட்டணம், ராத்திரி நேரம் ஆக ஆகக் குறைஞ்சு கால் கட்டணம் வரைக்கும் வரும். அதனால சாப்பிட்டு முடிச்ச பெறவுதான் பூத்துல கூட்டம் கூடும். பேசுற பேச்சைவிட மீட்டரில் ஓடுற எண்ணைப் பாக்கிறதுதான் அதிகம்.

1995 ஆகஸ்ட் 15 அன்னைக்கு விஎஸ்என்எல் நிறுவனம் பொதுமக்களுக்கு இன்டர்நெட் கொடுக்கத் தொடங்குச்சு. சென்னை மாதிரி பெருநகரங்கள்லதான் முதல்ல. அப்பம் கணக்கு மணிக்கணக்கு. இத்தனை மணி நேரம்னு முன்பணம் கட்டி வாங்கணும். டெலிபோன் லைன் வழியா இணைக்கிறதால போன் கட்டணமும் தனியா ஏறும். வீட்டுல இன்டர்நெட் ஓடினா அந்த நேரம் வெளியில இருந்து யாரும் போன் பண்ண முடியாது.

மணிக்கணக்கு போய் அளவுக்கணக்கு வந்தது பிராட்பேண்டோட. 2004-ல மத்திய அரசு பிராட்பேண்ட் கொள்கையை வெளியிட்டுது. நொடிக்கு 256 கிலோபிட் வேகம் இருந்தாலே பிராட்பேண்ட்னு அதுல வரையறுத்தாங்க. 2005 ஜனவரியில பிஎஸ்என்எல் 'டேட்டாஒன்' வந்துது. செம்புக் கம்பி ஏற்கனவே வீடு வரைக்கும் இழுத்துக் கிடந்ததால, குலசேகரம் மாதிரி சின்ன ஊர்களுக்கும் இது வந்து சேர வழி இருந்துது. ஆனா மாசம் 250 ரூபா, 500 ரூபா திட்டத்துல கிடைக்கிறது ஒண்ணோ ரெண்டோ ஜிபிதான். அதைத் தாண்டினா ஒவ்வொரு எம்பிக்கும் தனிக் காசு.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்க. 256 கிலோபிட் வேகத்துல நிறுத்தாம இறக்கினா 1 ஜிபி தீர ஏறக்குறைய 9 மணி நேரம். அதாவது மாசம் பூராவும் காசு கட்டி, முழு வேகத்துல 9 மணி நேரம்தான் ஓட்டலாம். அதுக்கு மேல ஓட்டினா மாசக் கடைசியில பில்லு பேசும்.

அப்பம்தான் 'ராத்திரி அளவில்லை' திட்டங்கள் வந்துது. அதிகாலை 2 மணியில இருந்து 8 மணி வரைக்கும் எவ்வளவு வேணும்னாலும் இறக்கலாம். பையன்மாரு அலாரம் வச்சு எழுந்திருப்பான்க. அந்த நேரத்துலதான் எங்க பக்கத்துல பால்வெட்டுத் தொழிலாளிகளும் தலையில விளக்கைக் கட்டிக்கிட்டு ரப்பர் தோட்டத்துக்கு இறங்குவாங்க. தோட்டத்துல ஒரு வெளிச்சம், வீட்டு ஜன்னல்ல ஒரு வெளிச்சம்.

இந்த ராத்திரித் திட்டத்துல ஒரு நியாயம் உண்டும், பாத்துக்கிடுங்க. பேச்சிப்பாறை அணை 48 அடி, பெருஞ்சாணி 77 அடி. அதுல உள்ள தண்ணி தீர்ந்தா தீர்ந்ததுதான். கன்னிப்பூவுக்கும் கும்பப்பூவுக்கும் முறை வச்சுத்தான் விடணும். ஆனா இன்டர்நெட் அணைத் தண்ணி இல்ல. நான் இன்னைக்கு 1 ஜிபி எடுத்தா நாளைக்கு உங்களுக்கு 1 ஜிபி குறையாது. அது கால்வாய் மாதிரி. கால்வாயோட அகலம்தான் கணக்கு. சாயங்காலம் எல்லாரும் ஒரே நேரத்துல மடையைத் திறந்தா நெருக்கடி. ராத்திரி 2 மணிக்குக் கால்வாய் சும்மா கிடக்கு, அப்பம் எவ்வளவு எடுத்தா என்ன? மாசத்துக்கு இத்தனை ஜிபின்னு கட்டுறது சாயங்கால நெருக்கடியை நேரடியாத் தீர்க்காது. அது பெரும்பாலும் விலை வைக்கிற ஒரு வழிதான்.

இது நம்ம ஊரு வியாதி மட்டும் இல்ல. அமெரிக்காவுல காம்காஸ்ட் நிறுவனம் 2008-ல மாசம் 250 ஜிபின்னு வரம்பு வச்சுது. 2020 மார்ச்சுல கொரோனாவால எல்லாரும் வீட்டுல அடைஞ்சப்பம் அதே நிறுவனம் வரம்பைத் தற்காலிகமா எடுத்துது. ஜனங்க முன்னைவிட அதிகமாப் பயன்படுத்தினாங்க, நெட்வொர்க் தாங்கிச்சு. ஜூன் முடிஞ்சதும் வரம்பு திரும்ப வந்துது.

இங்க பெறவு வந்தது, அளவு முடிஞ்சா காசுக்குப் பதிலா வேகத்தைக் குறைக்கிற முறை. 'நியாயமான பயன்பாட்டுக் கொள்கை'ன்னு அதுக்குப் பேரு. விளம்பரத்துல 'அன்லிமிடெட்'னு போட்டிருக்கும், பாதி மாசத்துல ஆமை வேகம். 2016-ல டிராய் அமைப்பு, அளவு முடிஞ்சாலும் 512 கிலோபிட்டுக்குக் கீழ போகக்கூடாதுன்னு உத்தரவு போட்டுது. 2020-ல ஜியோ பைபர் 399 ரூபாயில இருந்து அளவில்லாத் திட்டம் கொண்டு வந்துது. அதுலயும் 3300 ஜிபின்னு ஒரு கோடு உண்டு. ஆனா ஒரு நாளைக்கு 110 ஜிபி எந்தக் குடும்பம் செலவழிக்கும்? வீட்டு இன்டர்நெட்டுல அளவுங்கிற பேச்சு அதோட ஏறக்குறைய ஓய்ஞ்சுது.

கதை முடிஞ்சுதுன்னு நினைக்காதீங்க. கேபிள் போன வீட்டுக்குத்தான் அது முடிஞ்சுது. பேச்சிப்பாறைக்கு மேல மலையோரத்துக் குடியிருப்புகள்ல இன்னைக்கும் போன்தான் இன்டர்நெட். அதுல தினம் 1.5 ஜிபி, 2 ஜிபின்னு அளவு. வீட்டுக்கு ஒரு போன், ரெண்டு பிள்ளைகள். ஊரடங்கு காலத்து ஆன்லைன் வகுப்புல அக்கா கேட்டு முடிச்சா தம்பிக்கு மிச்சம் இருக்காது. 2021 ஜனவரியில தமிழ்நாடு அரசு 9 லட்சத்துக்கும் மேற்பட்ட கல்லூரி மாணவர்களுக்கு ஏப்ரல் வரைக்கும் தினம் 2 ஜிபி இலவசமாக் கொடுக்கிறதா அறிவிச்சுது. நல்ல காரியம். ஆனா பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு அதுல இடம் இல்ல.

பாரத்நெட் மூலமா தமிழ்நாட்டுல 12,525 ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழைக் கேபிள் கொண்டு போறதாத் திட்டம். ஊராட்சி அலுவலகம் வரைக்கும் வந்தாப் போதாது, அங்க இருந்து வீட்டுக்கு வரணும். கடைவரம்பு வயலுக்குத் தண்ணி எட்டலைன்னா அணை நிறைஞ்சு என்ன பிரயோஜனம்னு எங்க ஆட்கள் கேப்பாங்க.

அதனால ஒண்ணு மட்டும் சொல்றேன். ஊருல இருந்து ஒரு பிள்ளை போன் பண்ணி, 'மாமா, நெட்டு தீந்துட்டு, நாளைக்குப் பாக்கேன்'னு சொன்னா, படிக்காம இருக்க அவன் சாக்குச் சொல்றான்னு நினைச்சிராதீங்க. உங்க வீட்டுல என்னைக்கோ எடுத்துப் போட்ட மடை அவன் வீட்டுல இப்பவும் அடைச்சுத்தான் கிடக்கு.